டிசி வாங்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: என் மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கூடப் படிக்கும் பையன் ஒருவன் ப்ராஜெக்ட் வேலை என்று தன் நண்பனின் அறைக்கு அழைத்துப்போய்ப் பலாத்காரம் செய்திருக்கிறான். நடந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம்தான் என்னிடம் சொன்னாள். "டிசி வாங்கிட்டு வந்துரலாம், வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்" என்கிறார் அவள் அப்பா. இனிமேல் புகார் கொடுக்க முடியுமா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: முடியுமுங்க. போலீஸ் புகாருக்குக் காலக்கெடு கிடையாது. சம்பவம் கோவையில் நடந்திருந்தாலும் கோபியிலேயே பதிய வேண்டும், எல்லை காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

பாலியல் புகார்களை விசாரிக்கக் கல்லூரியிலேயே இருக்கும் உள்புகார்க் குழுவுக்குத்தான் மூன்று மாதக் கணக்கு. தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டுவார்கள். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிப்படி 90 நாளில் இந்தக் குழுவின் விசாரணை முடிய வேண்டும். அதுவரை அவன் இவள் பக்கமே வராதபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள். இவளுக்கு விடுப்பும் கேட்கலாம். அப்புறம் டிசி எதற்கு?

வெளியே தெரியும் என்ற பயம் புரிகிறது. அவள் பெயரை வெளியிடுவது குற்றம். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. சாட்சி சொன்ன பெண்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நான் ஒரு கல்லூரியின் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராக இருந்தபோது ஒரு பெண் மஞ்சப்பையோடு வந்தாள். உள்ளே அன்று உடுத்தியிருந்த சுடிதார், துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருந்தது. "அம்மா நல்லதுக்குத்தான் துவைச்சாங்க" என்று அழுதாள். உங்கள் மகளின் துணி இருந்தால் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும். துவைத்திருந்தாலும் மனம் உடையாதீர்கள். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், அன்று விடுதிக்குத் திரும்பிய நேரம் எழுதிய பதிவேடு, எல்லாம் சாட்சிதான். எதையும் அழிக்க விடாதீர்கள். அரசு மருத்துவமனையிலும் ஒரு தடவை காட்டுங்கள். சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது. வழி கேட்க 181-க்கு எந்நேரமும் கூப்பிடலாம்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும். கொடுக்கிறேன் என்றால் அவள் அப்பாவும் ஸ்டேஷனுக்குக் கூட வரட்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரும்.