தொடக்கப்பள்ளிக்கு என்ன கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு உதவும் சிறிய அறக்கட்டளைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்தை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர் ஒரே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் படித்தவர்கள். பணி ஓய்வுக்குப் பின் ஓர் அறக்கட்டளை தொடங்கினோம். இரண்டு ஆண்டுகளில் பள்ளிச் சுவர்களுக்கு வண்ணம் அடித்து, மேசை நாற்காலிகள் வாங்கிக் கொடுத்து, வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைகளுக்கு ஆண்டு விழாவில் ரொக்கப் பரிசும் வழங்கி வருகிறோம். ‘தொடக்கக் கல்வியில் சிறப்பை வளர்ப்பது’ என்பதே பத்திரத்தில் நாங்கள் எழுதிய நோக்கம். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் செய்தித்தாள் தலைப்பைக்கூடப் படிக்கத் திணறுகிறார்கள். தலைவராக நான் எங்கே தவறுகிறேன்?
– வாசகர், அருப்புக்கோட்டை

உங்கள் நோக்கத்தில் தவறு ஏதும் இல்லை. ஆனால் உங்கள் தந்தையார் காலத்துக் குறைக்கு இன்று மருந்து வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவின் முயற்சியில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மேசை, கரும்பலகை, மணி, சீருடை, சில இடங்களில் கட்டடத்துக்கான நிலம் என்று ஊரார் அள்ளிக் கொடுத்தார்கள். அன்று பள்ளியில் இல்லாதவை பொருள்கள். ஆகவே பொருள் கொடுத்ததே சரியான அறம். இன்று பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி, மதிய உணவு ஆகியவற்றை அரசே தருகிறது. 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் வந்துவிட்டது. இப்போது பற்றாக்குறையாக இருப்பது நேரம், அதாவது பின்தங்கிய ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அது திணறித் திணறி ஒரு வரியைப் படித்து முடிக்கும்வரை பொறுத்திருக்கும் ஒருவருடைய நேரம்.

கணக்கைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. அவர்களில் ஒருவர் வட்டார வள மையக் கூட்டத்துக்குப் போய்விட்டால், அல்லது பள்ளித் தகவல்களுக்கான ‘எமிஸ்’ இணையதளத்தில் விவரம் பதிய உட்கார்ந்துவிட்டால், ஐந்து வகுப்பும் மற்றவர் கையில். உங்கள் தலைமையாசிரியர் ஏன் பெரிதாக எதுவும் கேட்பதில்லை என்று வியந்திருக்கிறீர்கள் அல்லவா? ‘எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்’ என்று கொடையாளரிடம் கேட்க எந்தத் தலைமையாசிரியருக்கும் வாய் வராது.

நான் பொறுப்பிலிருந்த அறக்கட்டளையின் தொடக்க நாள்களில், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தமிழ்ப்பாடத்தின் முதல் பத்தியைத் தங்குதடையின்றிப் படித்துக் காட்டினாள். மகிழ்ந்துபோய் அவளுக்கு ஒரு பேனாவும் கொடுத்துவிட்டேன். பிறகு ஏதோ தோன்றி, மூன்றாம் வரியில் விரலை வைத்து ‘இதிலிருந்து படி, கண்ணு’ என்றேன். அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்தே தொடங்கினாள். பாடம் முழுவதும் காதால் கேட்டு மனத்தில் பதிந்திருந்தது. கண்ணுக்கும் தாளுக்கும் தொடர்பே இல்லை. ஒரு துண்டுச்சீட்டில் ‘கொக்கு’ என்று எழுதிக் காட்டியபோது, முன்னால் நிற்கும் ஒற்றைக்கொம்பைப் பார்த்துவிட்டு ‘கெ’ என்றாள். பின்னால் நின்ற துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டு ‘கெரக்கு’ என்று படித்தாள். ஒருவகையில் அவள் படித்தது நியாயமே. ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்பதும், துணைக்கால் ரகரத்தைப் போலத் தோன்றுவதும், ‘கௌ’ என்பதன் கடைசிப் பாதி ளகரமாகவே காட்சி தருவதும், நமக்குப் பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை. 247 எழுத்தையும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகூட இந்த இடத்தில் சறுக்கிவிழும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் எழுந்தும்விடும்.

ஆகவே தலைவராக நீங்கள் முதலில் செய்யவேண்டியது, பள்ளியின் ஒப்புதலோடு ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே படிக்கச் சொல்லிக் கேட்பது. 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் ‘அசர்’ என்ற பெயரில் நடத்திவரும் ஆய்வில் பயன்படுத்தும் கருவி ஒரே ஒரு தாள்தான்: எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறுகதை. பிள்ளை எதுவரை தடுமாறாமல் வருகிறது என்று குறித்துக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும். எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைப் பாராமல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சேர்த்துக் கற்பிக்கும் அந்த அமைப்பின் முறை பயன் தருவதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரின் கள ஆய்வுகள் காட்டின. அவர்கள் மைக்கேல் கிரேமருடன் 2019இல் பொருளாதார நோபல் பெற்றது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். எனவே நீங்கள் புதிதாக ஒரு பாடத்திட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதில்லை, போகவும் கூடாது. ‘அரும்பிலேயே நிற்கும் பிள்ளைகள் யார் யார், அவர்களுடன் நாங்கள் எந்த நேரத்தில் உட்காரலாம்?’ என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

பரிசு விஷயத்தில் என் கருத்தை ஒளிக்கப் போவதில்லை. முதலாவதாக வரும் பிள்ளை நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் படிக்கும். கென்யாவின் மேற்குப் பகுதிக் கிராமங்களில் பள்ளிகளுக்குப் பாடநூல் வழங்கியதன் விளைவை கிரேமரும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டுமே அது கைகொடுத்தது தெரியவந்தது. அந்நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. படிக்க முடியாத நூல் கையில் இருந்தும் என்ன பயன்? ‘சிறப்பு’ என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை வகுப்பின் கடைசிப் பிள்ளையிடம் வைத்து அளந்து பாருங்கள். ஜூனில் சொல்லில் நின்ற பிள்ளை மார்ச்சில் கதைக்கு வந்திருந்தால், ஆண்டு விழாவில் அதையும் மேடைக்கு அழையுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை, கூடுதலாக ஓர் ஆசிரியையை நியமித்துச் சம்பளம் தரமுடியுமா என்று கேட்கிறார். செய்யலாமா?
– வாசகி, மணப்பாறை

செய்யலாம், ஆனால் பணம் முழுவதும் கையில் இருந்தால் மட்டும். இதில் நான் பட்டுத் தெளிந்தவன். பெரிய கொடையாளர் ஒருவரின் வாய்மொழியை நம்பி உள்ளூர்ப் பட்டதாரிப் பெண் ஒருவரை அமர்த்தினோம். டிசம்பரோடு பணம் நின்றது. ஜனவரியில் அவரை நிறுத்தவேண்டி வந்தது. பிள்ளைகள் ‘அக்கா எங்கே?’ என்று கேட்டபோது எங்கள் எவரிடமும் பதில் இல்லை. அன்றிலிருந்து, பன்னிரண்டு மாதச் சம்பளம் வங்கியில் இருந்தாலொழிய யாரையும் அமர்த்துவதில்லை என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவைத்தோம்.

நியமனத்துக்கு முன்பு பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். அவர்கள் நிறைவேற்றும் தீர்மானம் உங்களுக்குப் பின்னாளில் பெரிய பாதுகாப்பு. வட்டாரக் கல்வி அலுவலரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர்கள் உங்கள் ஊரிலேயே கிடைப்பார்கள், பயிற்சியும் பிள்ளைகளின் பழக்கமும் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. நீங்கள் அமர்த்துபவர் ஆசிரியைக்குத் துணையாக வருகிறவர், ஆசிரியைக்கு மாற்றாக வருகிறவர் அல்லர் என்பதை ஊராருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லையேல் காலிப்பணியிடத்துக்காகக் குரல் கொடுக்க எவரும் இருக்கமாட்டார்கள். ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன்: ‘சேவைதானே’ என்று சொல்லிக் கைச்செலவுக்குக்கூடப் போதாத தொகையைக் கொடுக்காதீர்கள். அறக்கட்டளைகள் செய்யும் அநியாயங்களில் இது பழையது.

கல்லூரி மாணவர்கள் சனிக்கிழமைகளில் வந்து பாடம் நடத்த விரும்புகிறார்கள். கொடையாளர்களோ பிள்ளைகளோடு எடுத்த படங்களைக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் என்ன விதி வைத்துக்கொள்வது?
– வாசகர், திருத்தணி

மாணவர்கள் வரட்டும், ஆனால் ஒரு பருவம் முழுவதும் வருவதாக எழுதிக்கொடுப்பவர் மட்டும் வரட்டும். இரண்டு வாரம் வந்து பாட்டுப் பாடிவிட்டுப் போகிறவர்களால் பிள்ளைகளுக்கு ஏமாற்றமே மிச்சம். தனியறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கும் நிலை ஒருபோதும் கூடாது. திறந்த தாழ்வாரமோ மரத்தடியோ போதும். குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவந்தால் ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று உள்ளுக்குள் பேசி முடிக்க முனையாதீர்கள். 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐத் தன்னார்வலர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

படங்களைப் பொறுத்தவரை, பை வாங்கக் கைநீட்டி நிற்கும் பிள்ளையின் படத்தை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். கொடையாளருக்கு அதைவிட நல்ல சான்று ஒன்று உண்டு: ஜூலையிலும் பிப்ரவரியிலும் அதே பிள்ளை எழுதிய இரண்டு தாள்களின் நகல், பெயரை மறைத்து. அதைப் பார்த்தபின்பும் படம்தான் வேண்டும் என்று கேட்டவர் என் அனுபவத்தில் ஒருவரே. அவரை இழந்ததில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

சார்பதிவாளரிடம் அறக்கட்டளையைப் பதிந்துவிட்டோம். வரிவிலக்கு தானாகக் கிடைத்துவிடும் அல்லவா? சிங்கப்பூரில் உள்ள உறவினர்களும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள்.
– வாசகர், பட்டுக்கோட்டை

தானாகக் கிடைக்காது. பத்திரப்பதிவு வேறு, வருமான வரித்துறைப் பதிவு வேறு. அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்குப் பெற 12ஏபி பதிவும், கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்க 80ஜி ஒப்புதலும் தேவை என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால் பிரிவு எண்களைத் தணிக்கையாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடையாளருக்குக் கழிவு கிடையாது. ஆகவே காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குவதைப் பழக்கமாக்குங்கள்.

சிங்கப்பூர்ப் பணத்தில் கவனம் தேவை. உறவினர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவராக இருந்து, தம் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் என்றால், பிறந்தது பட்டுக்கோட்டையே ஆனாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே நிற்கும். அதன்கீழ்ப் பதிவுபெற, பொதுவாக மூன்று ஆண்டுகள் இயங்கி, அந்த மூன்றாண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாயை நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். உங்கள் அளவிலான அமைப்புக்கு அது வீண் சுமை. அந்த உறவினர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது பள்ளிக்குப் போய் ஒரு வாரம் பிள்ளைகளோடு உட்காரட்டும்.

எனக்கு வயது 71. பதினெட்டு ஆண்டுகளாக அறக்கட்டளையின் தலைவராக இருக்கிறேன். பொறுப்பை ஏற்க இளைஞர்கள் எவரும் முன்வரவில்லை.
– வாசகர், தேவகோட்டை

முன்வரவில்லையா, அல்லது அவர்கள் நிற்க இடம் இல்லையா? கோபித்துக்கொள்ளாதீர்கள், பதினெட்டு ஆண்டுகள் ஒருவரே காசோலையில் கையெழுத்திட்டு, ஒருவரே தலைமையாசிரியரோடு பேசி, ஒருவரே விழாவில் தலைமை தாங்கினால், மற்றவர்கள் பந்தலுக்குக் கால் நடுவதோடு நின்றுவிடுவார்கள். பத்திரத்தில் பதவிக்காலம் குறிக்கப்பட்டிருக்கிறதா, அதை மாற்ற வழி இருக்கிறதா என்று வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்குக் காத்திராமல், வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து என்பதை இந்த மாதமே கொண்டுவாருங்கள். அந்தப் பள்ளியில் படித்து, இப்போது முப்பது வயதில், பிள்ளையை அதே பள்ளிக்கு அனுப்பும் தாய் ஒருவர் கட்டாயம் இருப்பார்; அறங்காவலராக அவரைச் சேருங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவரை அனுப்பிவிட்டு, நீங்கள் போகாமல் இருந்து பாருங்கள். அவர் திரும்பி வந்து சொல்லும் செய்தியில் உங்களுக்குப் பிடிக்காத முடிவு ஒன்றாவது இருக்கும். அதை மாற்றச் சொல்லாதீர்கள்.