'பேங்க்' ஒன்று, பொருள் பல: வாசகர் கேள்விகள்

கேள்வி (யீஷூன்): டீச்சர், 'ரிவர் பேங்க்'கில் காசு போடலாமா என்று தொடக்கநிலை நான்கு படிக்கும் மகன் கேட்கிறான். இரண்டும் வேறு வேறு சொற்களா?

பதில்: விவரமான பிள்ளை! அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். கரையைக் குறிப்பது ஸ்காண்டினேவியப் பக்கமிருந்து வந்தது. முதலில் மண்மேடு, சரிவு என்று பொருள். பணம் போடும் 'பேங்க்' இத்தாலியச் சொல். 'பாங்கா' என்றால் பெஞ்சு, காசு மாற்றுபவர் கடைவிரிக்கும் மேசை. பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் இத்தாலியரே அதைப் பழைய ஜெர்மானிய மொழியிலிருந்துதான் கடன் வாங்கினார்கள். கரைக்கும் அதுவே மூலம். 'பெஞ்ச்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான். நம் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் மேசைப்பெட்டியை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தினார்களே, அதே தொழில்தான். இத்தாலியர்களுக்குப் பெஞ்சு, நம்மவர்களுக்குப் பாய்!

கேள்வி (ஜூரோங்): கடனாளியின் பெஞ்சை உடைத்ததால்தான் 'பேங்க்ரப்ட்' வந்ததாமே?

பதில்: 'பாங்கா ரோட்டா', அதாவது உடைந்த பெஞ்சு என்பதிலிருந்து வந்தது சரி. சந்தையில் எல்லாரும் பார்க்க அடித்து உடைத்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. 'வியாபாரம் முறிந்தது' என்கிறோம், எதையாவது முறிக்கிறோமா? அப்புறம், எழுத்துக்கூட்டலில் கடைசியில் உள்ள அந்த 'பி' (p), இலத்தீனைப் பார்த்துப் பின்னால் சேர்த்தது.

கேள்வி (தேசிய சேவையாளர்): விமானம் 'பேங்க்' ஆகிறது என்கிறார்களே, அது எந்த 'பேங்க்'?

பதில்: கரைச் சரிவுதான். சாலை வளைவில் ஒரு பக்கத்தை உயர்த்திப் போடுவதற்கும் இதே சொல். இறக்கை சாய்ந்ததும் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும். விமானம் திரும்புவது அதனால்தான். வால் சுக்கான் திருப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது துணைக்குத்தான்.

கேள்வி (சாங்கி): ரத்த வங்கி?

பதில்: 1937இல் சிக்காகோ குக் கவுன்டி மருத்துவமனையில் டாக்டர் பெர்னார்ட் ஃபாண்டஸ் வைத்த பெயர். போட்டுவைத்து எடுப்பதால் பொருத்தமான பெயர்.

கேள்வி (தெம்பனிஸ்): அலுவலகத்தில் 'லிஃப்ட் பேங்க்' என்கிறார்கள். மின்தூக்கிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: வரிசையாக நிற்பதுதான் சம்பந்தம். துடுப்புக் கப்பலில் துடுப்புக்காரர்கள் உட்காரும் பலகைக்குப் பிரெஞ்சில் 'பாங்'. அப்படியே துடுப்பு வரிசைக்கும் ஆகி, இன்று சுவிட்ச் வரிசை, மின்தூக்கி வரிசைவரை வந்துவிட்டது. பார்த்தீர்களா, இங்கேயும் பெஞ்சுதான்.