முதலில் இருளை அளந்து சொல்லட்டும்

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு வந்த மாணவர் கவிதைகளில் பெரும்பாலானவை 'இருளில் ஒரு சிறு ஒளி' என்ற ஒரே கருத்தைச் சுற்றியே வருகின்றன. கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் ஒருவரின் மகளும் மெழுகுவர்த்தி, மின்மினி, விடியல் என்றே எழுதியிருக்கிறாள். கவிதை நம்பிக்கை தரும் என்பது பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் பொய்தானா?
– ஓர் ஆசிரியை, மண்டபம்

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தாங்கள் குறிப்பிடும் கவிதைகளில் அந்த நம்பிக்கை இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. மெழுகுவர்த்தியையும் மின்மினியையும் விடியலையும் அந்தப் பிள்ளை தன் வீட்டிலிருந்து எடுக்கவில்லை. முன்பு பரிசு வாங்கிய கவிதைகளிலிருந்து எடுத்திருக்கிறாள். இரவில் எந்தப் படகின் விளக்கு எந்தத் திசையில் தெரிகிறது என்று பார்த்துப் பழகிய கரையோரப் பிள்ளை, பேனாவைக் கையில் எடுத்தவுடன் மெழுகுவர்த்தியைத் தேடிப் போகிறாள் என்றால், அவளை அப்படித் தேட வைத்தவர்கள் மேடையில் அமர்ந்து மதிப்பெண் போடும் பெரியவர்களே.

சிறு ஒளியைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 60ஆம் பாடலில் உறையூர் மருத்துவன் தாமோதரனார், 'முந்நீர் நாப்பண் திமிற்சுடர் போலச் செம்மீன் இமைக்கும்' என்கிறார். நடுக்கடலில் மீன்படகில் எரியும் விளக்கைப் போல வானத்தில் செம்மீன் என்ற சிவந்த விண்மீன் மினுங்குகிறதாம். படகு விளக்கைக் காட்டி விண்மீனை விளங்க வைக்கிறார், ஏனென்றால் கேட்பவர்களுக்கு முன்பே பழக்கமானது அந்த விளக்குதான். அதன் கீழே ஓர் ஆள் விழித்திருந்து வேலை பார்க்கிறார் என்பதும் அவர்கள் அறிந்ததே. அதே பாடலில் சோழ மன்னனுக்கு அவர் தேடிப் பிடிக்கும் உவமையும் கடற்கரையிலிருந்தே வருகிறது: கழியில் விளைந்த உப்பை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போகும் வண்டி பள்ளத்தில் ஆழும்போது, அதை இழுத்து மேலேற்றும் வலிமையான காளை. (மன்னனைப் புகழ்ந்து பாடியவர்தான், மறுக்கவில்லை, ஆனாலும் புரவலரை வண்டிமாட்டோடு ஒப்பிடும் துணிவு இன்றைய வாழ்த்துக் கவிஞர்களில் யாருக்கு வரும்?) வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் இந்தப் பாடலைச் சொல்லிப் பாருங்கள், உரையில் பாதி தேவைப்படாது.

தங்கள் கேள்விக்கு இன்னும் நேரான விடை கீழக்கரையில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியைப் பாடவந்த படிக்காசுப் புலவர், 'ஓர்தட்டிலே பொன்னும் ஓர்தட்டிலே நெல்லும் ஒக்கவிற்கும் கார்தட்டிய பஞ்ச காலத்திலே' என்று தொடங்குகிறார். கொடிய பஞ்சம் என்றோ துயர இருள் என்றோ சொல்லிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஒரு தராசைக் கொண்டுவந்து நம் முன் வைக்கிறார்: ஒரு தட்டில் பொன், மறுதட்டில் அதே எடைக்கு நெல். மழை பொய்த்த அந்தக் காலத்தின் கொடுமை முழுவதும் அந்தத் தராசிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகே 'அன்னதானத்துக்கு மார்தட்டிய துரை' என்று ஒரு மனிதரைக் காட்டுகிறார். பொன்னின் விலைக்கு நெல் விற்ற நாளிலும் ஒருவர் வந்தவருக்கெல்லாம் சோறு போட்டார் என்பதுதான் அந்தப் பாட்டின் வெளிச்சம். தராசு வரும் அடியை நீக்கிப் பாருங்கள், எஞ்சுவது வள்ளல்களுக்குப் பாடப்பட்ட ஆயிரம் புகழ்மொழிகளில் ஒன்றாக இருக்கும்.

என் கட்சி இவ்வளவுதான். எவ்வளவு இருட்டு என்று சொல்லாத கவிதையில், வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வாசகருக்கு வழியில்லை. தெரியாத ஒன்றை அவர் நம்பப் போவதுமில்லை.

கவிதை அந்தத் தந்தையை மீட்டுக் கொண்டுவராது. அதற்கு மனுவும் வழக்கறிஞரும் மீனவர் சங்கமும் இரண்டு அரசாங்கங்களும் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் ஒரு கலங்கரை விளக்கம் வருகிறது. ஏணி சாத்தியும் ஏறுவதற்கு அரிதான உயர்ந்த மாடம் என்று அதன் உச்சியைச் சொல்லிவிட்டுத்தான், இரவில் அங்கே மூட்டிய தீ கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைப்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். அந்தத் தீ காற்றை நிறுத்தியதாகவோ அலையை அடக்கியதாகவோ அவர் எழுதவில்லை. கரை எங்கே இருக்கிறது என்பதை அறிவிப்பதோடு அதன் வேலை முடிகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, விளக்கால் ஆவது எது, ஆகாதது எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவிதையிடமும் அதே அளவு எதிர்பார்த்தால் போதும்.

இனித் தாங்கள் செய்யக்கூடியது. அந்தப் பிள்ளையிடம் கவிதையைத் திருப்பிக் கொடுத்து, 'அப்பாவைப் பற்றி எழுதம்மா' என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவள் வீட்டுத் துயரம் ஆண்டு மலருக்கான சரக்கன்று. வகுப்பு முழுவதற்கும் பொதுவாக வேறொன்றைக் கேளுங்கள்: உன் வீட்டில் கடைசியாக அணையும் விளக்கு எது, அதை அணைப்பவர் யார், அந்த நேரத்தில் அவர் கையில் என்ன வேலை இருக்கிறது? பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும் தாய், பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிக்கொள்ளும் துணியை முந்தைய இரவே கிழித்து எடுத்து வைப்பதை ஒருத்தி எழுதுவாள். கிழிந்த வலையைப் பின்னும் தாத்தா, கண்ணாடியை ஏற்றி இறக்கிக் கண்ணி தேடுவதை ஒருவன் எழுதுவான். ஒன்றும் எழுதாமல் தாளை மடித்துக் கொடுப்பவர்களும் இருப்பார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். விடியல், நம்பிக்கை ஆகிய இரு சொற்களையும் ஒரே ஒரு பருவத்துக்கு விலக்கி வைக்கலாம். அதனால் மொழிக்கு நட்டம் வராது.

அவள் முதலில் எழுதிய கவிதையையும் திருத்தாமல் அச்சிடுங்கள். அந்த வயதில் பெரும்பாலோர் இரவல் மெழுகுவர்த்தியோடுதான் தொடங்குகிறார்கள், பிற்காலத்தில் நன்றாக எழுதியவர்கள் உட்பட. மலரில் பக்கம் போதவில்லையென்றால் பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திகளில் நான்கைக் குறைத்துக்கொள்ளலாம். அவற்றிலும் இதே இருளும் இதே ஒளியும்தான் இருக்கும்.