சோறு, போன், பதினொரு மணி நித்திரை: முதலில் எதில் கை வைப்பது?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். மகனுக்கு நாலு வயது, நேர்சரிக்குப் போகிறான். மகளுக்கு ஒரு வயதும் பத்து மாதமும். போனில் பாட்டுப் போட்டால்தான் இரண்டு பேரும் வாய் திறப்பார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணித்தியாலம் போகும். மகன் நாளுக்கு நாலு தரம் பால் குடிப்பான், கடைசிப் போத்தல் படுக்கையில். பகலில் மூன்றில் இருந்து ஐந்து வரை உறங்கி, இரவு பதினொன்றுக்குத்தான் படுப்பார்கள். கணவர் கத்தாரில், அவர் கோல் எடுப்பதே ஒன்பது மணிக்குப் பிறகு. இரவில் பல் தீட்டுவதில்லை. பிஸ்கட், கண்டோஸ் கொடுக்கவேண்டாம் என்றால் அம்மம்மா கோபிக்கிறா. எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று இரண்டு தரம் தொடங்கி, மூன்று நாளில் விட்டுவிட்டேன். எங்கே தொடங்குவது?

பதில்: போனைப் பிறகு பார்க்கலாம், முதலில் பாலைக் குறையுங்கள்.

மகன் குடிப்பது 200 மில்லிலீற்றர்ப் போத்தல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போத்தலுக்கு 25 கிராம் பால்மாவும் இரண்டு தேக்கரண்டி சீனியும் போட்டால் ஏறத்தாழ 160 கலோரி வரும். நாலு போத்தலுக்கு 640. நாலு வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் தேவை 1,200 முதல் 1,300 கலோரி அளவுதான். பாதி பாலிலேயே முடிந்துவிட்டது, பிஸ்கட் வேறு. பசிக்காத பிள்ளைக்குச் சோறு ஊட்டவேண்டுமானால் அது சாப்பிடுவது அதற்கே தெரியக்கூடாது. அந்த வேலையைத்தான் போன் செய்கிறது. பசி வராமல் போனை மட்டும் பறித்தால் மூன்று நாளில் நின்றுபோவதில் வியப்பில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பால் கூடி, சோறும் மீனும் கீரையும் குறைந்த பிள்ளைக்கு இரத்தச்சோகை வரலாம். இரத்தச்சோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். ‘சாப்பிடுதில்லையே’ என்று இன்னொரு போத்தல் கரைப்போம். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் விடுங்கள். தேயிலையில் உள்ள தனின் என்ற பொருள் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் சேராமல் தடுக்கும்.

ஆகவே முதல் இரண்டு கிழமைக்கு ஒரே ஒரு மாற்றம். பால் நாளுக்கு இரண்டு தரம், தரத்துக்கு 150 முதல் 200 மில்லி, பேணியில். (மகளுக்கு நீங்கள் இன்னும் தாய்ப்பால் கொடுத்தால் அதை நிறுத்த வேண்டாம், இந்தக் கணக்குப் போத்தல் பாலுக்கு.) சாப்பிடும் நேரங்களுக்கு நடுவே இரண்டரை முதல் மூன்றரை மணித்தியாலம் தண்ணீர் மட்டும். காலை 7.15க்குச் சாப்பாடு, பத்து மணிக்கு நேர்சரியில் கொண்டுபோன சாப்பாடு, 12.30க்குச் சோறு, 3.30க்கு (பகல் உறக்கம் மாறும்வரை, எழும்பியதும்) பாலும் ஒரு வாழைப்பழமோ கொய்யாத் துண்டோ, இரவு ஏழுக்கு மறுபடி சாப்பாடு. இரண்டாவது பேணிப் பால் இரவுச் சாப்பாட்டோடு. படுக்கைக்குப் போத்தல் போகக்கூடாது. சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் பேணியைத் தள்ளிவிடுவான். நாலு நாளைக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் குறையுங்கள்.

கோப்பையில் போடும் அளவையும் பாருங்கள். ஒவ்வொரு வகையிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது தொடக்கக் கணக்கு. மகனுக்கு நாலு கரண்டி சோறு, பருப்பு, முள் எடுத்த மீன், முருங்கை இலைச் சுண்டல் கொஞ்சம். மகளுக்கு இதில் பாதி. கேட்டால் இன்னும் போடலாம். குவித்த சோற்றைக் கண்டதுமே பிள்ளை முகத்தைத் திருப்பும். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே இருந்து என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. முப்பது நிமிடத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள், முறைப்பும் வேண்டாம் கெஞ்சலும் வேண்டாம். பகல் இரண்டு வாயோடு எழும்பினால் 3.30 வரை பொறுக்கட்டும். இரங்கி நடுவில் பிஸ்கட் கொடுத்தால் முழுத் திட்டமும் அங்கேயே கவிழும். புதிய கறி ஒன்றைப் பத்துப் பதினைந்து தரம் கோப்பையில் கண்ட பிறகு வாயில் வைக்கும் பிள்ளைகளும் உண்டு, அது குறையல்ல. ‘கீரை தின்றால் கண்டோஸ்’ என்ற பேரம் மட்டும் வேண்டாம். கீரை ஒரு தண்டனை என்றுதான் பிள்ளைக்கு விளங்கும்.

பசி வந்த பிறகு போன். மூன்று வேளையிலும் ஒன்றாக நிறுத்தாதீர்கள். நல்ல பசியோடு இருக்கும் பகற்சோற்றில் தொடங்குங்கள். எல்லோருடைய போனும், அம்மம்மாவுடையதும் சேர்த்து, வேறு அறையில் சார்ஜில் இருக்கட்டும். பாயிலோ மேசையிலோ நீங்களும் அவர்களோடு இருந்து சாப்பிடுங்கள். மகளுக்கு ஒரு கரண்டியைக் கையில் கொடுங்கள், சிந்தட்டும். முதல் நாள் அழுகை வரும். அடுத்தடுத்த நாள் இன்னும் கூட வரலாம். பழைய வழி வேலை செய்யவில்லை என்பதால் பிள்ளை அதையே இன்னும் உரத்துச் செய்துபார்க்கும். பெரும்பாலான வீடுகளில் ஆட்டம் காண்பது இங்கேதான். மூன்றாம் நாள் போனை எடுத்து நீட்டினால், இவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கணக்கு வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அழுகை அந்த அளவில் இருந்துதான் தொடங்கும். நேர்சரி விடுமுறையில், வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லாத கிழமையாகப் பார்த்துத் தொடங்குவது அதனால்தான் நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம். இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது, குறைந்தால் நல்லது. பின்னால் ஓடும் டீவியும் பிள்ளையின் கவனத்தைப் பிடுங்கும். அம்மம்மாவின் சீரியல் ஏழரைக்கு என்றால் இரவுச் சாப்பாட்டைக் குசினிப் பக்கம் கொண்டுபோங்கள். அவவோடு மல்லுக்கட்டுவதைவிட அது சுகம்.

நித்திரையைத் திருத்துவது காலையில் இருந்து. அதே வழிகாட்டலில் மூன்று, நாலு வயதுக்குப் பகல் உறக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலம், ஒன்று, இரண்டு வயதுக்கு 11 முதல் 14. பதினொன்றுக்குப் படுத்து ஏழுக்கு எழும்பி, பகலில் இரண்டு மணித்தியாலம் உறங்கினால் மொத்தம் பத்து. மகனுக்கு ஓரம் தொடுகிறது, மகளுக்குப் போதாது. நாளும் 6.30க்கு எழுப்புங்கள், ஞாயிறும்தான். எழும்பியதும் முற்றத்து வெளிச்சத்துக்குக் கூட்டிவாருங்கள். பகல் உறக்கம் ஒரு மணிக்கு, 2.30க்கு எழுப்பிவிடுங்கள். படுக்கை நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவந்தால் ஒரு மாதத்துக்குள் 8.30ஐத் தொடலாம். பின்னேரம் நாலரைக்கு மேல் வெயில் தணிந்ததும் ஓடி விளையாடிய பிள்ளைதான் எட்டரைக்கு உறங்கும். மாரி மழையில் முற்றம் நனைந்தால் விறாந்தையில் தலையணை தாண்டட்டும், சும்மா இருக்க விடாதீர்கள்.

அப்பாவின் கோலைக் குறைக்கவேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். கத்தார் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே அவருடைய சாப்பாட்டு இடைவேளை 12.30 என்றால் இங்கே பிற்பகல் மூன்று. பிள்ளைகள் உறங்கி எழும்பிச் சந்தோசமாக இருக்கும் நேரம். வெளிவேலை செய்பவர் என்றால் ஜூன் முதலாம் திகதியில் இருந்து செப்டம்பர் 15 வரை அங்கே காலை பத்தில் இருந்து மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம், அப்போது இன்னும் வசதி. வெள்ளிக்கிழமை நீண்ட கோல். இரவுக்கு அவர் ஒரு சிறு கதையைக் குரல்பதிவாக அனுப்பட்டும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போடுங்கள்.

பல்லுக்கு இரவே முக்கியம். உறக்கத்தில் எச்சில் குறைவு. படுக்கைப் போத்தலின் பாலும் சீனியும் மேல் முன்பற்களில் விடியும்வரை தங்கும், சூத்தை அங்கேதான் தொடங்கும். மகளின் தலையை மடியில் வைத்து, மேலுதட்டைத் தூக்கி, முரசோடு சேர்த்துத் தீட்டுங்கள். பற்பசை மகளுக்கு ஓர் அரிசி அளவு, மகனுக்கு ஒரு பட்டாணி அளவு. புளோரைட்டு 1000 பிபிஎம் (ppm) அல்லது அதற்கு மேல் என்று டியூப்பில் பாருங்கள். துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம். ஏழு எட்டு வயது வரை பெரியவர் கைதான் தீட்டவேண்டும். அம்பாறையின் உட்பகுதிகளில் கிணற்று நீரில் புளோரைட்டுக் கூடிய ஊர்கள் உண்டு. அங்கே உள்ளவர்கள் பற்பசையைப் பற்றிப் பல் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மம்மா விசயம். நம் மட்டக்களப்புப் பக்கத்தில் பெரும்பாலும் பெண்ணின் தாய் வீட்டோடுதான் குடித்தனம். அவ வளர்த்து ஆளாக்கியவ, தடுத்தால் நோகும். கொடுக்கும் உரிமையைப் பறிக்காமல் 3.30 வேளையை அவவின் பொறுப்பாக்குங்கள். பழம், அவித்த பயறு, தயிர் எதுவும் அவ கையால் போகட்டும். கண்டோஸ் கிழமைக்கு ஒரு நாள். முழுக் கச்சான் மட்டும் வேண்டாம். ஐந்து வயதுக்குள் மூச்சுக்குழலில் சிக்கும்.

தொடங்கும் நாளில் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கையில் எடுத்துப் போய்க் கிளினிக்கில் நிறை பாருங்கள், மாதம் கழித்து மறுபடி. பதிவேட்டில் நிறைக் கோடு மேலே போனால் பிள்ளை ‘ஒன்றுமே தின்னுதில்லை’ என்ற பேச்சை விட்டுவிடலாம். கோடு படுத்தாலோ இறங்கினாலோ, பிள்ளை மண் தின்றாலோ, வெளிறிச் சோர்ந்தாலோ, உறக்கத்தில் உரத்துக் குறட்டை விட்டாலோ, மகள் இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், மிட்வைஃபிடம் சொல்லி வைத்தியரைக் காணுங்கள்.

காய்ச்சல் நாளிலும் திருவிழா நாளிலும் ஒழுங்கு குலையும். மறுநாள் காலை 6.30இல் இருந்து பழையபடி தொடங்கலாம். பெரிய சோதனை கணவர் லீவில் வரும்போதுதான். அவர் பெட்டி கட்டும் முன்னரே இந்த நேரங்களை எழுதி அனுப்பிவிடுங்கள்; பிள்ளைகளுக்குக் கொண்டுவரும் சாமான் பட்டியலில் டெப்லெட் இருந்தால் வெட்டிவிட்டு ஒரு பந்து எழுதுங்கள்.