முதலில் வந்தவரின் நாடு தோற்பது எப்படி?

கேள்வி: ஸ்பீட்வே பைக் பந்தயத்தில் ஒருவர் முதலில் வந்தும் அவர் நாடு தோற்றுவிட்டது. இது என்ன நியாயம் என்று என் பேரன் கேட்கிறான். விளக்குங்களேன், ஐயா.
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, பேரன் பார்த்தது 'ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்' என்று நினைக்கிறேன். 2018-இல் தொடங்கிய போட்டி இது. ஒரு ஓட்டத்தில் இரண்டு நாடுகள், நாட்டுக்கு இருவர். புள்ளிகள் 4, 3, 2, 0. முதலும் கடைசியும் வந்த ஜோடிக்கு 4 புள்ளி. நடுவில் வந்த இருவருக்கோ 3-உம் 2-உம் சேர்ந்து 5! வழக்கமான 3, 2, 1, 0 கணக்கில் இது சமமாக முடிந்திருக்கும்.

எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். பிரேக்கே இல்லாத 500 சிசி பைக், ஒரே கியர், மண் தடத்தில் நாலு சுற்று. ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அந்த வேகத்தில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு வளைவில் திரும்பிக்கொண்டே, கூட்டாளி எங்கே என்றும் பார்க்க வேண்டும். முன்னால் பறந்து போய்விட்டால் மட்டும் போதாது. போலந்தின் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் தனிநபர் உலகப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். ஆனாலும் 2021-இல் மான்செஸ்டரில் இந்த 'ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்' கோப்பை பிரிட்டனுக்குத்தான் போனது.

அப்புறம், ஸ்பீட்வே 'உலகக் கோப்பை' என்பது வேறு. அதில் ஓட்டத்துக்கு நான்கு நாடுகள், நாட்டுக்கு ஒருவர். 2023-இல் போலந்து தன் சொந்த மண்ணில், விராட்ஸ்வாஃப் நகரிலேயே அதை வென்றது. பேரனிடம் அதையும் சொல்லுங்கள்.