அப்பா அழுவதை நிறுத்திவிட்டார், தேறிவிட்டாரா?

கேள்வி: அம்மா மாரடைப்பில் போய் ஐந்து மாதம் ஆகிறது. அப்பாவுக்கு 67 வயது. முதலில் அம்மா பேச்சை எடுத்தாலே அழுவார். பேரன் வந்தால் சிரிக்கவும் செய்வார். இரண்டு மாதமாக அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். "அவளைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கணும். நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்" என்கிறார். வருஷம் திரும்பினால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: காட்டுங்கள், இந்த வாரமே.

முதலில் அவரிடம் இருந்தது துக்கம். துக்கம் வந்து வந்து போகும். கொடியில் கிடக்கும் ஒரு புடவை அதைக் கிளப்பிவிடும். பேரன் மடியில் ஏறினால் முகம் மலரும். மனச்சோர்வு நோயில் (டிப்ரெஷன் என்கிறோமே, அதுதான்) எதுவும் உள்ளே போய்த் தொடாது. அழுகை நின்றதைத் தேறிவிட்டதாக வீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

அவர் சொன்னதையே பாருங்கள். முதல் பாதி அம்மாவைப் பற்றியது; துணையை இழந்த பலரும் இப்படிச் சொல்வார்கள். "லாயக்கில்லாதவன்" என்ற இடத்தில் குறை அவர் மீதே திரும்பிவிட்டது. அதோடு பசியின்மை, அதிகாலை விழிப்பு. இவை நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே நாங்கள் நோயாகச் சந்தேகிப்போம். சாவு நடந்த வீடு என்பதற்காக இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கும் விதி அமெரிக்க மனநலக் கையேட்டில் இருந்தது. 2013-இல் அதை எடுத்துவிட்டார்கள். வருஷம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அவரிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றே அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. தைராய்டு, பி12 குறைபாடும் இப்படிக் காட்டக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். மனச்சோர்வு மாத்திரை தந்தால் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பழக்கமாகிவிடும் என்று பயந்து நடுவில் நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கித் தரவும் வேண்டாம். போகும்போது அவருடைய பிரஷர், சர்க்கரை மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள்.