திராட்சைப் பெட்டிக்குள் தீக்குச்சி நெடி

கே: மாட்டுங்கா மார்க்கெட்டில் பச்சைத் திராட்சையைப் பெட்டியோடு வாங்கினேன். திறந்ததும் தீக்குச்சி கிழித்த மாதிரி நெடி. பழத்தின் மேல் மெத்தென்று ஒரு தாள். மாமியார் அத்தனையையும் தூக்கிப் போடச் சொல்கிறார். போடவா?
– ஒரு வாசகி, கிங்ஸ் சர்க்கிள்

ப: தாளை மட்டும் போடுங்கள் அம்மா. நாசிக் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதை ‘கிரேப் கார்டு’ என்பார்கள். உள்ளே சோடியம் மெட்டாபைசல்பைட் தூள் இருக்கும். பெட்டிக்குள் ஈரம் பட்டதும் சல்பர் டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். குலையில் சாம்பல் பூஞ்சணம் ஏறாமல் இருக்க அந்த ஏற்பாடு. கப்பலில் வாரக்கணக்கில் போகிற பழத்துக்கு இதுதான் வழக்கமான வழி.

ஒரு குலையை எடுத்துக் காம்பு ஒட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கே வெளுத்துப் போயிருந்தால் வாயு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பழங்களைக் கிள்ளி எறியுங்கள். மீதியை ஜன்னலோரம் ஒரு மணி நேரம் திறந்து வைத்து, இரண்டு தண்ணீரில் அலசிச் சாப்பிடலாம். ஆனால் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் பெட்டியை அவர் திறக்க வேண்டாம். இழுப்பு வந்துவிடும்.

பாயசத்துக்கு வாங்கும் பொன்னிறக் கிஸ்மிஸும் இதே கதைதான். கந்தகப் புகை காட்டினால்தான் அந்த நிறம் நிற்கும். பாக்கெட்டில் 220 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அது சல்பர் டை ஆக்சைடின் குறியீடு. என் வீட்டில் கறுப்புத் திராட்சைதான்.

கே: செம்பூரில் குளிர்கால ராத்திரிகளில் ஒரு நாற்றம் வருகிறதே, அதுவும் இதுதானா?
– ஒரு வாசகர், செட்டா நகர்

ப: அழுகின முட்டை நாற்றமா, தீக்குச்சி நெடியா? முதலாவது ஹைட்ரஜன் சல்பைடு, சாக்கடையிலிருந்துகூட வரும். இரண்டாவதுதான் நம் ஆள், சல்பர் டை ஆக்சைடு. கந்தகம் கலந்த நிலக்கரி, கச்சா எண்ணெய் எதை எரித்தாலும் பிறப்பான். குளிரில் காற்று மேலே எழும்பாமல் தரையோடு படுத்துக்கொள்வதால் ராத்திரியில் உறைக்கிறது. முன்பைவிட இப்போது பரவாயில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசலில் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆனது. அதே வருடம் ஜனவரியில் கப்பல் எண்ணெய்க்கும் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 என்று கட்டிவிட்டார்கள்.

முப்பது வருடம் அமிலத் தொழிற்சாலையில் இருந்தவன் நான். ஒரு மழைக்கால ஷிப்டில் குழாய் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் பிய்ந்துபோய் இந்த வாயு கசிந்தது. மூக்குக்கு முன்னால் நாக்குக்குத்தான் தெரிந்தது, ஒரு புளிப்பு. அப்புறம் இருமல், நிற்கவே இல்லை. சீனியர் ஆபரேட்டர் கத்தினார்: “கர்சீப்பை நனைச்சுக் கட்டுடா, காத்துக்குக் குறுக்கே ஓடு!” இந்த வாயு தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால்தான் ஈரத்துணி.

கே: இந்த வாயுவால் உபயோகமே இல்லையா சார்?
– பத்தாம் வகுப்பு மாணவி, தாராவி

ப: ஏன் இல்லை? வனேடியம் பென்டாக்சைடு என்ற வினையூக்கி மேல் சுமார் 450 டிகிரியில் இதை ஓட விட்டால் சல்பர் ட்ரை ஆக்சைடு. அதிலிருந்து சல்பூரிக் அமிலம், அமிலத்திலிருந்து உரம், ஆட்டோ பேட்டரி. சர்க்கரை ஆலையில் கந்தகத்தை எரித்துக் கரும்புச் சாற்றுக்குள் விடுவார்கள், வெளுப்பதற்கு. அப்பா காலையில் டீயில் போட்டுக் கலக்கினாரே, அந்தச் சர்க்கரைதான்.